ஒத்தவரி அண்ணாச்சி எழுதின மாவு நோட்டீஸ்

அருப்புக்கோட்டை வட்டாரத்துல என் வயித்தெரிச்சலை மொத்தமாக் குத்தகைக்கு எடுத்தவர் ஒரே ஒருத்தர்தான். அவரோட சொந்தப் பேரு யாருக்கும் தெரியாது. ஒத்தவரி அண்ணாச்சின்னு சொன்னா சின்னப்புள்ளைகூட அடையாளம் காட்டும். எந்தக் கடைக்கு விளம்பரம் எழுதச் சொன்னாலும் ஒரே வரிதான் எழுதுவார். இன்னொரு வரி கேட்டா, முதல் வரியில என்ன குறைன்னு திருப்பிக் கேப்பார்.

நான் யாருன்னு சொல்லணும்ல. திருச்சுழி ரோட்டுல நோட்டீஸும் பிளெக்ஸும் அடிக்கிற கடை வச்சிருக்கேன். எம்.ஏ. தமிழ். புதுசா ஒரு கடை திறந்தா, 'அன்புடையீர்'ல ஆரம்பிச்சு 'தங்கள் நல்லாதரவை நாடும்' வரைக்கும் நான்தான் எழுதுவேன். தரமான, சுவையான, நவீன, நம்பிக்கையான, இந்த நாலும் இல்லாம என் கடையைவிட்டு ஒரு தாள் வெளியே போனதில்லை. ஓனர் படம், ஓனரோட அப்பா படம், பேரன் மொட்டை போட்ட படம் எல்லாம் வச்சதுபோக மிச்சம் இடமிருந்தா அது என்ன கடைன்னும் போட்டுவிடுவேன்.

அண்ணாச்சி படிச்சது எட்டாவது. பஸ் ஸ்டாண்டுல மினிபஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டவர். தொழில் ரகசியம் கேட்டா அதைத்தான் சொல்லுவார். சொகுசான பஸ்ஸு வாங்கன்னு எவனாவது கூப்பிட்டுப் பாத்திருக்கியா, பஸ்ஸு எங்க போகுது, எப்ப எடுப்பான், உக்கார இடம் இருக்கா, சனத்துக்கு இவ்வளவுதான் வேணும்பார். எம்.ஏ. படிச்சவன் இதைக் காதுல வாங்குவானா? வாங்கலை.

பாலவனத்தத்துல ஒரு மாவு மில்லு. 'நவீன இயந்திரங்களுடன்'னு நான் தங்கக் கலர்ல அடிச்சுக் கொடுத்த நோட்டீஸை வாங்கினவுக பூரா பஜ்ஜிக்கு எண்ணெய் ஒத்தி எடுத்தாக. மில்லுக்காரர் அண்ணாச்சியைக் கூப்பிட்டார். அண்ணாச்சி எந்தக் கடைக்கு எழுதினாலும் ஒருநாள் பூரா அங்க போய் உக்காருவார். அதுக்குன்னு ஒரு பிளாஸ்டிக் முக்காலியைக் கையோட தூக்கிட்டுப் போவார். அன்னைக்கும் உக்காந்து பாத்தார். தூக்குவாளியோட வந்த அத்தனை பொம்பளைகளும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்காக: இதுக்கு முன்னாடி இதுல என்ன அரைச்சீக? சாயங்காலம் எழுதிக் கொடுத்தார்: 'மிளகாய் அரைக்கிற மெஷின்ல உங்க கோதுமையை அரைக்க மாட்டோம்.'

மில்லுல மிளகாய்க்குன்னு தனி மெஷின் முதல்லயே இருந்துச்சு. நான் அதையும் சேத்துத்தான் நவீன இயந்திரங்கள்னு எழுதினேன். ஒருத்தருக்கும் புரியலை. அண்ணாச்சி வரிக்கு அப்புறம் மல்லாங்கிணத்துல இருந்துகூட பஸ்ஸேறி வந்து அரைச்சுட்டுப் போனாக.

இதுல பெரிய கொடுமை, அந்த நோட்டீஸை அடிக்க அவர் என் கடைக்கே வந்ததுதான். ஊர்ல வேற கடை இல்லையான்னு கேட்டேன்.

"இருக்கு தம்பி. நீதான் எழுத்துப்பிழை விடமாட்ட."

பாராட்டுறாரா, வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சுறாரான்னு தெரியலை. அடிச்சுக் கொடுத்தேன்.

அடுத்து பரளச்சியில மோட்டாருக்குக் காயில் கட்டுறவர். அவருக்கு அண்ணாச்சி எழுதினது: 'மோட்டாரைக் கழட்டுறதுக்கு முன்னாடி போன் பண்ணுங்க, பாதி நேரம் ஃபியூஸ்தான் போயிருக்கும்.' கட்டுறவர் தலையில கைவச்சு உக்காந்துட்டார். வர்ற வேலையை வாசல்லயே திருப்பி அனுப்புற நோட்டீஸை எவனாவது அடிப்பானான்னு என்கிட்ட புலம்பினார். எனக்கு உள்ளுக்குள்ள பால் பாயசம். ஒரு மாசம்தான். சுத்துப்பட்டுல வெள்ளாமை பாக்கிற சம்சாரிகள் செல்லுல எல்லாம் அவர் நம்பர் ஏறிருச்சு. நிசமாவே மோட்டார் கருகினப்போ, நம்மளை ஏமாத்தாத மனுசன்னு அவர்கிட்டயே தூக்கிட்டு வந்தாக. என் பாயசம் திரிஞ்சுபோச்சு.

பொறுக்கமாட்டாம ஒரு ஈனத்தனம் பண்ணினேன். ஒரு தையக்கடைக்கு அண்ணாச்சி எழுதியிருந்தார்: 'சொன்ன தேதிக்குத் தைக்கலைன்னா வீடு தேடி வந்து திட்டு வாங்கிக்கிடுவோம்.' நான் நைசா 'தைக்கலைன்னா'வுக்கு முன்னாடி 'தரமாக'ன்னு ஒரு வார்த்தையைச் சொருகிட்டேன். அண்ணாச்சி பாத்தார். முக்காலியை என் கடை வாசல்லயே போட்டு, கட்டுக் கட்டா இருந்த அத்தனை நோட்டீஸ்லயும் நீலப் பேனாவால அந்த ஒரு வார்த்தையைக் கோடு போட்டு அடிச்சார். ஊருக்குள்ள என்ன பேச்சு தெரியுமா? தரம்னு பீத்திக்காம அவுகளே அடிச்சிட்டாக, இந்தக் காலத்துல இப்பிடி ஒரு தையக்காரரான்னு கூட்டம் இன்னும் கூடிப்போச்சு. எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கலை.

இவ்வளவையும் தாங்கிட்டேன். என் வீட்டுக்குள்ளயே அவர் வந்ததைத்தான் தாங்க முடியலை.

என் வீட்டுக்காரி செல்வி ஜவுளிக்கடை வேலையை விட்டுட்டு, முன்ரூம்ல கிரைண்டரைப் போட்டு தோசைமாவு விக்க ஆரம்பிச்சா. பெண்டாட்டி தொழிலாச்சேன்னு உசுரைக் கொடுத்து நோட்டீஸ் எழுதினேன். 'அமுதூறும் சுவையில், அன்னையின் கைப்பக்குவத்தில்.' நாலு கலரு, ஓரத்துல மயில். ஒருத்தரும் வரலை. விக்காத மாவு தினமும் புளிச்சுது. ஊத்தப்பம், பணியாரம்னு நாங்களே தின்னு தீத்தோம். ஒருநாள் கிரைண்டரைக் கழுவிக்கிட்டே, இந்த மாசத்தோட மூடிரலாம்னு சொன்னா. அவ முகத்தைப் பாக்க எனக்குத் தெம்பில்லை. இன்னொரு நோட்டீஸ் எழுதட்டுமான்னு கேட்டேன்.

"வேணாங்க"ன்னா, ரொம்ப மரியாதையா.

மறுநாள் காலையில குளிச்சிட்டு வந்து பாத்தா, முன்ரூம்ல முக்காலி. மேல அண்ணாச்சி.

வெக்கத்தை விட்டுச் சொல்றேன், எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பதினெட்டு வருசத்துல என்கிட்ட பேசாத பேச்செல்லாம் செல்வி அவர்கிட்ட பேசுறா. எந்த அரிசி, எத்தனை மணிக்கு எந்திரிக்கிறா, முதுகு எங்க வலிக்குது, எல்லாம். அவளுக்கு முதுகு வலிக்குதுன்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரியும். கடைக்குப் போகாம சட்டைப் பித்தானை அரைமணி நேரமாப் போட்டுக்கிட்டே கதவுக்குப் பின்னாடி நின்னேன். அண்ணாச்சி கடைசியா ஒண்ணு கேட்டார்.

"உன் கையால தோசை சாப்பிட்டவுக என்ன தாயி சொன்னாக?"

செல்வி மெதுவா என்னவோ சொன்னா. எனக்குக் கேக்கலை. ரெண்டு பேரும் சிரிச்சாக. நான் எழுதின எதுக்கும் அவ அப்பிடிச் சிரிச்சதில்லை.

சாயங்காலம் அண்ணாச்சி என் கடைக்கு வந்து தாளை நீட்டினார்.

'எங்க வீட்டுக்காரர் ஒருநாளும் நல்லாருக்குன்னு சொன்னதில்லை, ஆனா ஆறாவது தோசை கேப்பார்.'

காது ரெண்டும் சுட்டுருச்சு. இது குடும்ப விசயம் அண்ணாச்சின்னேன்.

"பொய்யா தம்பி?"

"பொய்யில்லை."

"அப்ப அடி."

தாளைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். வாயில வைக்க முடியாத டீக்கடைக்கெல்லாம் சுவையான, சுவையானன்னு வாரி இறைச்சிருக்கேன். வீட்ல ஒருத்தி விடியக்காலம் எந்திரிச்சு ஆட்டிச் சுட்டுப் போட்டதுக்கு ஒரே ஒரு 'நல்லாருக்கு' சொல்ல எனக்கு வாய் வரலை. அடிச்சேன். அன்னைக்கு ஒரு எழுத்தைக்கூட நான் கூட்டலை.

காலையில தெருப் பொம்பளைக பூரா எங்க வாசல்ல. பாதிப் பேர் என் மூஞ்சியைப் பாக்க வந்தவுக. பாத்துட்டுச் சும்மா போகக் கூச்சப்பட்டு அரைக்கிலோ வாங்கினாக, மறுநாளும் வந்தாக. பஸ்ஸுல கண்டக்டர், ஆறு போதுமான்னு கேட்டுட்டுத்தான் டிக்கெட் கிழிக்கிறார். பத்து மணிக்கெல்லாம் மாவு தீந்துருது. மாசக் கடைசியில மூடுறேன்னவ, ரெண்டாவது கிரைண்டருக்கு இடம் அளந்துக்கிட்டு இருந்தா.

ஒருநாள் காலையில தைரியத்தை வரவழைச்சு, ஆறாவதைத் தின்னு முடிச்சதும் சொல்லிட்டேன். "நல்லாருக்கு செல்வி."

அடுப்படியில இருந்து திரும்பிப் பாத்தா. கண்ணு லேசாக் கலங்குச்சு. அடுத்த நொடியே சன்னல் பக்கம் எட்டிப் பாத்துக்கிட்டா.

"மெதுவாச் சொல்லுங்க. வெளியே நாலு பேர் நிக்கிறாக, நோட்டீஸு பொய்யாயிரும்."

சொல்லிட்டு, கேக்காமலே ஏழாவது தோசையைத் தட்டுல போட்டா.

இப்ப ஞாயித்துக்கிழமை காலையில அண்ணாச்சிக்கு எங்க வீட்லதான் சாப்பாடு. முறுகலான தோசை அவருக்கு, கருகினது எனக்கு. பொறாமை போயிருச்சுன்னு சொன்னா அது நான் எழுதுற நோட்டீஸ் மாதிரி ஆயிரும். ஆனா அவர் வரக் கொஞ்சம் பிந்திட்டா, வாசலுக்கும் அடுப்படிக்கும் நடையா நடக்கிறது நான்தான்.