‘மோசமில்ல’ சாரின் பனி முகாம்

குளிர்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிறவர்கள் ஓர் இனம். சொல்லாதவர்கள் இன்னோர் இனம். அமெரிக்காவின் பனிக்கோடியில் இருக்கும் எங்கள் வட மினசோட்டாவில் விளைவதெல்லாம் இரண்டாவது இனம்தான். மூக்கு நுனி கழன்று கையோடு வந்தாலும், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் “ஒண்ணும் மோசமில்ல” என்பார்கள். எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை வேண்டாம் என்பார்கள். மூன்றாம் தடவை கேட்டால்தான் வாங்கிக்கொள்வார்கள். மூன்றாம் தடவை கேட்க மறந்துவிட்டால்? பட்டினிதான். அதையும் மோசமில்லை என்பார்கள்.

இந்த இனத்தை முழுசாகப் பார்க்க வேண்டுமா? உறைந்த ஏரிக்கரைக்கு வாருங்கள். சாரணர் பிள்ளைகளைப் பனி முகாமுக்கு அழைத்து வந்திருக்கும் ரோல்ஃப் நைகார்ட் சார் அதோ நிற்கிறார். பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. நனைந்தால் லேசில் காயாத பருத்தி உடுப்போடு வந்தவனைத் திருப்பி அனுப்புவார், வியர்வையும் உறைந்துவிடும் என்று பனிக்குடில் தோண்டுகிறவர்களுக்கு வியர்க்க விடமாட்டார், ஈரக் காலுறையோடு யாரையும் படுக்க விடமாட்டார், ஒவ்வொரு ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளும் வெந்நீர்ப் புட்டி போனதா என்று கையை விட்டுப் பார்ப்பார். இவ்வளவுக்கும் மேல் ஒரு பிரசங்கம்.

“குளிருதுன்னா வாயத் திறந்து சொல்லணும். வெக்கப்படக் கூடாது. வீரம் காட்டினா விரல் போயிடும். புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது சார்!”

சமையலுக்கு வந்திருந்த அவருடைய அக்கா லவோன் அப்போதுதான் தம்பியின் கையைப் பார்த்தாள். கையுறை நனைந்து விறைத்துப்போயிருந்தது.

“என்னடா இது? இந்தா, காஞ்சது இருக்கு. போட்டுக்கோ.”

“வேணாங்க்கா. ஒண்ணும் மோசமில்ல.”

“விரலெல்லாம் நீலம் பாரிச்சிருக்குடா!”

“பிள்ளைங்களுக்கு வச்சிரு. எனக்கெதுக்கு?”

மூன்றாம் தடவை கேட்பதற்குள் காட்டரிசி சூப் பொங்கி வழிய, அக்கா அடுப்புக்கு ஓடிவிட்டாள். சார் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு சீட்டியடித்தார். பிள்ளைகள் அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரசங்கத்தைக்கூட அவ்வளவு கவனமாகக் கேட்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் சார் ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு வந்தார். இந்த வருஷம்தான் சாரணியாகச் சேர்ந்த பிரிட்டா ஒரு கட்டையில் உட்கார்ந்திருந்தாள்.

“கால் எப்படிம்மா இருக்கு?”

“மோசமில்ல சார்.”

“காஞ்ச சாக்ஸ் தரட்டுமா?”

“வேணாம் சார்.”

“நிஜமாவா?”

“வேற யாருக்காச்சும் குடுங்க சார்.”

என்ன வளர்ப்பு, என்ன வளர்ப்பு என்று பூரித்துப்போய் நகர்ந்தார் மனிதர். திரும்பிப் பார்த்தால், பிரிட்டா எழுந்து மரக்கால் கட்டியவள் மாதிரி நடக்கிறாள். சார் ஓடிப்போய் அவளை உட்காரவைத்து பூட்ஸைக் கழற்றினார். விரல்கள் மெழுகாய் வெளுத்துக் கிடந்தன. தொட்டால் அவளுக்குத் தெரியவில்லை.

தேய்த்துவிட வந்த அக்காவை, உறைந்த தோல் புண்ணாகிவிடும் என்று தடுத்துவிட்டு, கோட்டையும் சட்டைகளையும் தூக்கி, அந்த இரண்டு பாதங்களையும் தன் வெறும் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் விவரம் தெரிந்தவர்கள் முதலில் செய்வது அதுதான்.

“ஏம்மா சொல்லல? சொல்லணும்னு அவ்வளவு சொன்னேனே!”

“நீங்களும் சொல்லலையே சார்.”

யாரும் சிரிக்கவில்லை. இந்தப் பிள்ளையின் விரல் போனால் அதற்குத் தான்தான் காரணம் என்று ரோல்ஃபுக்கு உறைத்தது. 

“சார், என் கால் உங்க வயித்துல சில்லுன்னு இருக்கா?”

“மோ...” என்று ஆரம்பித்தார். பழக்கம் லேசில் விடுமா? நிமிர்ந்து பார்த்தார். சுற்றிலும் பிள்ளைகளின் கண்கள்.

“இருக்கும்மா. ஐயோ, உயிர் போகுது! கையும் எரியுது. அக்கா, அந்தக் கையுறையக் குடு!”

 பிறகு ஒரு பையன் மெல்ல, “சார், எனக்கும் காது வலிக்குது” என்றான். “எனக்குக் கால் மரத்துப்போச்சு சார்.” “எனக்கும் சார்.” லவோன் கம்பளிகளை அள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். பிரிட்டா திடீரென்று, “குத்துது சார், வலிக்குது!” என்று ஓவென்று அழுதாள். வலி வந்துவிட்டது, விரலுக்கு உயிர் வந்துவிட்டது. சாரும் வெட்கமில்லாமல் அழுதார்.

வெயில் ஊரில் இருக்கும் எங்களுக்கு இது எதற்கு என்கிறீர்களா? சரிதான். போன வாரம் உறவுக்காரர் வீட்டில், வயிறு கூப்பாடு போட, “வேணாங்க, இப்பதான் சாப்ட்டேன்” என்று சொல்லிவிட்டு, இன்னொரு தடவை கேட்க மாட்டார்களா என்று சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது யார்? அப்போது பக்கத்தில் உட்கார்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருந்தது உங்கள் பிள்ளைதானே?