ஆடி மாத ஜோடிச் சலுகை

ஒரு காட்டில், டவர் ஒழுங்காகக் கிடைக்காத மூலையில், ஓர் ஆந்தையும் ஒரு காகமும் புருஷன் பெண்டாட்டியாகக் குடித்தனம் நடத்தி வந்தன. காதல் கல்யாணம். ஆந்தைக்கும் காகத்துக்கும் பரம்பரைப் பகை என்று இரண்டு வீட்டிலும் ஒப்பாரி வைத்தார்கள். "பாருங்க, நாலே நாள்ல அடிச்சுக்கிட்டு வந்து நிக்கும்" என்றார்கள். நிற்கவில்லை. காடே மெச்சும்படி, ஒரு சண்டை சச்சரவு இல்லாமல் இரண்டும் வாழ்ந்தன.

காரணம் ஒன்றும் பெரிதில்லை. முழியரசு என்கிற அந்த ஆந்தைக்கு நெல் கிடங்கில் இரவுக் காவல். மையழகி என்கிற அந்தக் காகத்துக்கு ஊர்க் குப்பைத்தொட்டிகளில் பகல் வேலை. ஒன்று வரும்போது மற்றொன்று கிளம்பும். கிளையில் ஒன்றின் சூடு ஆறுவதற்குள் மற்றொன்று வந்து அதே இடத்தில் உட்கார்ந்து தூங்கிவிடும். சண்டை போடுவதற்கு இரண்டு பேர் விழித்திருக்க வேண்டுமே.

காட்டுக்குக் கிழக்கே புதிதாக ஒரு கேளிக்கைப் பூங்கா திறந்தார்கள். அதில் மரங்களைவிட உயரமாக ஒரு ராட்டினம். ஒரு நாள் பொழுது சாயும் நேரம், வேலைக்குக் கிளம்பிய ஆந்தையைக் காகம் நிறுத்தியது.

"என்னங்க, ஒரே ஒரு தடவை அந்த ராட்டினத்துல ஏறணுங்க."

"நமக்கெதுக்கும்மா அது? நாமதான் பறக்கிறோமே."

"பறக்குறது பொழப்புங்க. நாமளா சிறகடிக்காம, வேற யாராவது நம்மளத் தூக்கிக்கிட்டு மேல போனா எப்படி இருக்கும்? அதுவும் நீங்க பக்கத்துல உக்காந்து, முழிச்சுக்கிட்டு."

கடைசி வார்த்தை ஆந்தையை என்னவோ செய்தது. அன்றைக்குக் கிடங்கில் அது ஓர் எலியைக்கூடத் துரத்தவில்லை.

அதன்பிறகு தினமும் அந்திப்பொழுதில், ஆள் மாறும் அந்தக் கொஞ்ச நேரத்தில், இரண்டும் திட்டம் போட்டன. ஞாயிற்றுக்கிழமை கட்டணம் கூடுதல், ஆகவே புதன்கிழமை. உள்ளே தண்ணீர் பாட்டில் வாங்கினால் கூட்டையே எழுதிக் கொடுக்க வேண்டும், ஆகவே வாசலிலேயே முட்ட முட்டக் குடித்துவிட வேண்டும். புளியோதரையை உள்ளே விடமாட்டார்கள், ஆகவே அதை வயிற்றில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். இவ்வளவு இறுக்கியும் எட்டவில்லை. இருப்பதை வைத்து ஒருவர்தான் உள்ளே போக முடியும்.

அப்போதுதான் ஆந்தையின் செல்போனில் அந்த விளம்பரம் வந்து விழுந்தது. 'ஆடி அதிரடி! ஜோடியாக வந்தால் பாதிக் கட்டணம்!'

ஆடியில் புது ஜோடிகளையெல்லாம் பிரித்து அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், எவன் வரப்போகிறான் என்கிற தைரியத்தில் பூங்காக்காரர்கள் அறிவித்த சலுகை அது. ஆந்தையும் காகமும் புது ஜோடி இல்லை. கிளம்பிவிட்டன.

வாசலில் டிக்கெட் கொடுப்பது ஓர் உடும்பு. ஒரு விதியைப் பிடித்தால் விடாது. அந்தப் பிடிக்காகவே அதை வேலைக்கு எடுத்திருந்தார்கள்.

"ஜோடிச் சலுகைங்க, ரெண்டு பேர்" என்றது ஆந்தை.

"ஜோடி எங்க?"

"நாங்கதாங்க."

உடும்பு இரண்டையும் மேலும் கீழும் பார்த்தது. "செருப்பு ஜோடின்னாகூட ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். சலுகைக்காகக் கூட்டுச் சேர்ந்து வர்றவங்கள நான் நெறையப் பாத்துட்டேன். நேத்து ஒரு நரியும் ஆடும் தம்பதின்னு சொல்லிக்கிட்டு வந்தாங்க. நம்பி விட்டேன். நரி மட்டும்தான் வெளிய வந்துச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த போட்டோ இருக்கா?"

ஆந்தை செல்போனை நீட்டியது. முதல் படத்தில் காகம் சிரித்துக்கொண்டிருந்தது, ஆந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அடுத்ததில் ஆந்தை சிரித்துக்கொண்டிருந்தது, காகம் தூங்கிக்கொண்டிருந்தது. எல்லாப் படமும் அப்படியே.

"இது என்ன, ஆள் அசந்த நேரம் பாத்துத் திருட்டுத்தனமா எடுத்த மாதிரி இருக்கு? சரிம்மா, நீ சொல்லு. இவருக்குப் பிடிச்ச கறி எது?"

காகம் திருதிருவென்று முழித்தது. "அவர் சாப்பிடுற நேரம் நான் தூங்கிடுவேங்க."

"இந்தம்மா கோவப்பட்டா என்னங்க பண்ணும்?"

"கோவமா? இவங்களுக்கா?" என்றது ஆந்தை. "பாத்ததில்லீங்களே."

"போதும்" என்று உடும்பு ஜன்னலைச் சாத்தப் போனது. "சும்மா பழக்கம்னு எழுதிக்கிறேன். ரெண்டு முழு டிக்கெட்."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. "நகருங்கப்பா, வெயில் ஏறுது" என்றது ஒரு கழுதை.

ஆந்தை தலையைக் குனிந்துகொண்டு காகத்திடம் சொன்னது: "பரவால்லம்மா. ஒரு முழு டிக்கெட்டுக்குத்தான் இருக்கே. நீ மட்டும் போய் ஏறிட்டு வா. நான் இந்தப் புங்கமரத்துல ஒரு தூக்கம் போடுறேன்."

"தூக்கமா?" என்றது காகம்.

"இல்ல... உன் இஷ்டம்."

அவ்வளவுதான்.

"எதுக்கெடுத்தாலும் உன் இஷ்டம், உன் இஷ்டம்! நான் தனியா ஏறவா இவ்வளவு தூரம் வந்தேன்? ஊர் நெல்லை விடிய விடியக் காவல் காக்கத் தெரியுது. நம்ம கூட்டுல குயில் வந்து முட்டை வெச்சப்ப குறட்டை விட்டுக்கிட்டுத்தானே கெடந்த! அந்தப் பிள்ளைய வளத்து, படிக்க வெச்சு, இன்னைக்கு அது கச்சேரி பாடுது. ஒரு போன் உண்டா நமக்கு?"

கழுதை காதை இந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டது.

"நான் குறட்டை விட்டேனா?" என்றது ஆந்தை. அதன் குரல் அதற்கே புதிதாக இருந்தது. "விடியக்காலையில கண்ண மூடினா காதுக்கிட்ட வந்து கா கான்னு கத்துறது யாரு? நீ கத்துற கத்துக்கு விருந்தாளி வேற வந்து எறங்கிடுறாங்க. அம்புட்டுப் பேரும் உங்க வீட்டு ஆளுங்க!"

"எங்க ஆளுங்க ஒரு பருக்கை கெடைச்சாலும் நாலு பேரக் கூப்பிட்டுத் திம்பாங்க. உங்க ஆளுங்க வந்து கிளையில உக்காந்தா ஊரே கதவைச் சாத்துது!"

"எங்க அம்மா அப்பவே சொன்னாங்க..."

"என்னய்யா சொன்னாங்க உங்க அம்மா? யோவ், சொல்லு, இப்பச் சொல்லு!"

டக்.

உடும்பு முத்திரை குத்திவிட்டது. ஜோடி டிக்கெட்டை ஜன்னல் வழியே மரியாதையோடு நீட்டியது.

"உள்ள போங்க. 'எங்க அம்மா அப்பவே சொன்னாங்க'ங்கிறத லவ்வர்ஸ் பேச மாட்டாங்க, கூட்டுக் களவாணிங்க பேச மாட்டாங்க. தாலி கட்டினவன்தான் பேசுவான். எனக்கு வேற அத்தாட்சி வேண்டாம்."

வரிசையில் அடுத்து நின்றவை இரண்டு புறாக்கள். ஒரே நிறம், ஒரே உயரம், ஒட்டிக்கொண்டு நின்றன.

"ஜோடிச் சலுகை ஒண்ணுங்க" என்றது ஆண் புறா. "செல்லம், வெயில் படுதா? என் நெழலுக்கு வா."

"உங்களுக்குத்தான் வேர்த்துருக்கு கண்ணு."

உடும்பு நிமிர்ந்து பார்த்தது. "கல்யாணம் ஆயிடுச்சா?"

"பேரப்பிள்ளையே எடுத்துட்டோங்க."

"இப்படிப் பேசிக்கிட்டா? யாருக்கிட்டக் கதை விடுறீங்க? முழு டிக்கெட் ரெண்டு எடுங்க."

"எடுத்துடலாமா செல்லம்?"

"எடுத்துடலாம் கண்ணு."

உடும்புக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது.

ராட்டினத் தொட்டியில் ஆந்தை ஒரு மூலையிலும் காகம் ஒரு மூலையிலும் உட்கார்ந்தன. முகத்தை ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொண்டன. ராட்டினம் மேலே ஏறியது. கிடங்கு தீப்பெட்டி ஆனது. குப்பைத்தொட்டிகள் கடுகாயின. தொட்டி உச்சியில் போய் நின்றது. சிறகைச் சற்றும் அசைக்காமல் காகம் அவ்வளவு உயரத்துக்கு வந்திருந்தது. ஆனால் அதைக் கவனிக்க அதற்கு நேரமில்லை.

"நான் இன்னும் முடிக்கல" என்றது.

"சொல்லு."

"நீ தூங்கிடுவ."

"தூங்கல. நல்லாப் பாரு."

ஆந்தை இரண்டு கண்களையும் அகல விரித்துக் காட்டியது. நடுப்பகல் வெயில் நேராக அடிக்க, தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டியது. மூடவில்லை. அந்தக் கண்கள் மஞ்சள் நிறம் என்று காகம் அன்றைக்குத்தான் பார்த்தது.

"சரி, மூடிக்க. மீதியக் கீழ எறங்கிப் பேசிக்கிறேன்."

"இன்னும் இருக்கா?"

"இருக்கு. ஏகப்பட்டது இருக்கு."

ஆந்தைக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது.

நீதி: ஒற்றுமையாக வாழ்பவர்கள் முழு டிக்கெட் எடுக்க வேண்டும்.