நேர்கோட்டார்

மார்ச் 4: ஆறு ஆம்பியர், ஒரு போர்டு.
மார்ச் 11: ஆறு ஆம்பியர், இரண்டு.
மார்ச் 19: ஆறரை ஆம்பியர், ஒன்று.
ஏப்ரல் 2: ஆறு ஆம்பியர், மூன்று.

ஆக, ஏழு போர்டுகள் கருகின. இனி, கருக்கியவரைப் பார்ப்போம். எந்த அலுவலகத்திலும் இந்த ரகத்தில் ஒருவர் உண்டு: கணினித் திரையில் சரியாக வந்தது மேசைமேல் தவறினால், குற்றம் மேசையுடையது என்பவர். நம்மவருக்கு அவர் பிரிவில் வைத்த பெயர் நேர்கோட்டார்.

சக்கர நாற்காலி மோட்டாருக்கு மின்சாரம் தரும் போர்டை வடிவமைப்பது அவர் வேலை. போர்டில் காயில் என்கிற ஒரு கம்பிச்சுருள், அதற்கு நடுவே கோர் என்கிற ஒரு காந்தத் துண்டு. கோர் ஓரளவு காந்தத்தைத்தான் தாங்கும். வயிறு நிறைந்துவிட்டால் காயில் வெறும் கம்பி, மின்சாரம் மடமடவென்று பாய்ந்து பக்கத்திலிருக்கும் டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும். இந்த வரம்பைக் கணக்கில் சேர்க்க, கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷனில் ஒரு கட்டம் இருக்கிறது. டிக் போட்டால் போதும். நேர்கோட்டார் போடமாட்டார். போட்டால் கிராஃப் வளைகிறதாம், நேரமும் இழுக்கிறதாம்.

சோதனை அறைப் பெண் ஒவ்வொரு முறையும் கருகியதைத் தட்டில் வைத்து எடுத்துப்போவாள். அவர் முதலில் டிரான்சிஸ்டர் விற்றவனைத் திட்டினார், பிறகு காற்றின் ஈரத்தை, பிறகு அவள் பற்றவைத்த கையை. நான்காம் முறை தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சமதரையில ஓடும் சார். மேடு ஏறும்போதுதான் ஆறு ஆம்பியர் இழுக்குது. அந்த டிக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்."

"முப்பது வருஷமா போடாமத்தான் ஓட்டியிருக்கேன்மா. நீ கையெழுத்தப் போடு. ஸ்டோர்ஸ்ல ஆள் கேக்கறாங்க, தெரியுமில்ல?"

அவளுக்குத் தெரியும். வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான் என்பதும் தெரியும். ஆனாலும் சோதனைத் தாளின் கையெழுத்துக் கட்டத்தில் 'மேடு ஏறாது' என்று எழுதித் தேதி போட்டாள். அவர் அதன்மேலேயே தன் கையெழுத்தை இழுத்து, அந்தத் தாளோடு மருத்துவமனை கேட்டிருந்த இருநூறு போர்டுகளையும் அனுப்பிவைத்தார். மறுநாள் அவள் ஸ்டோர்ஸில் திருகாணி எண்ணிக்கொண்டிருந்தாள்.

மருத்துவமனையிலிருந்து முதல் கடிதம் வந்தது: நாற்காலி சாய்தளத்தின் பாதியில் நின்றுவிட்டது, புகை. நேர்கோட்டார் கிராஃபைத் திறந்து பார்த்தார். நேராகத்தான் இருந்தது.

"அந்தப் பேஷண்ட் எதுக்கு மேட்டுல போனாரு?" என்றார்.

சிரிக்காதீர்கள். உங்களிடம் ஒன்றை நான்காம் முறை சொல்ல வந்தவர், உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு திரும்பிப்போனது எப்போது? நினைவில்லையா? அவர் தேதி குறித்து வைத்திருப்பார்.

இருநூறையும் திருப்பி அனுப்புகிறோம், கையெழுத்துக்கு அடியில் தெரியும் 'மேடு ஏறாது' என்பதை எழுதியவர் ஒப்பமிட்டால்தான் இனி வாங்குவோம் என்று மருத்துவமனையின் கடைசிக் கடிதம் வந்தது ஜூன் 14.