புக்கிட் காத்திலில் பொங்கிய கங்கை

கங்கை வந்துவிட்டாள். இமயமலையில் கிளம்பி, கடலுக்கு அடியில் நடந்து, ஆயர் குரோ நெடுஞ்சாலை டோலில் காசு கட்டாமல் நுழைந்து, புக்கிட் காத்தில் எங்கள் தாமான் குடியிருப்பின் கோயிலுக்குப் பின்னால் ஒரு கல் பசுவின் வாய் வழியாகக் கொட்டினாள். நீங்கள் நம்பமாட்டீர்கள். நாங்கள் நம்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் ரோட்டின் இரண்டு பக்கமும் கார்கள். நியாலாஸ் தோட்டத்திலிருந்து வேன் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பாட்டில், குடம், பீப்பாய் மாதிரி பிளாஸ்டிக் தோம்பு என்று கையில் கிடைத்ததெல்லாம் வரிசையில் நின்றன. சிலர் தலையில் தெளித்துக்கொண்டார்கள். ஒருவர் லோரி ரேடியேட்டரில் ஊற்றினார். லோரிக்கும் பாவம் இருக்கும் அல்லவா.

எங்களுக்கும் தண்ணீருக்கும் எப்போதுமே ஆகாது. வருடக் கடைசியில் கால்வாய் நிரம்பி வீட்டுக்குள் வரும். சில மாதம் போனால் அணை வற்றி, குழாயில் காற்றுதான் வரும். இரண்டு நோய்க்கும், கோயிலில் வந்து தங்கியிருந்த வருணானந்த சாமியிடம் மருந்து இருந்தது. வெள்ளக் காலத்தில், வீட்டு வாசலில் கட்டினால் தண்ணீர் நுழையாது என்று நீலக் கயிறு விற்றார். கட்டிய வீடுகளிலும் முழங்கால் வரை வந்தது. "கயிறு இல்லன்னா இடுப்பு வரைக்கும் வந்திருக்கும்லா" என்றார். நாங்கள் இடுப்பைத் தொட்டுப் பார்த்து, நனையவில்லை என்று நன்றி சொன்னோம்.

வெயில் காலம் வந்தது. கயிறு போய்க் கங்கை வந்தாள்; அவளையும் சாமி குடக் கணக்கில் விற்றார்.

அவள் வந்த அதே வாரம், கோயிலுக்குக் கீழே இருக்கும் கடைசி வரிசை வீடுகளில் குழாய் அடியோடு நின்றது. மேல் வரிசைகளில் தண்ணீர் குறையவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கும்பிட்ட கை கும்பிட்டபடி இருக்கும்போது தலையைச் சொறிய முடியாது.

கடைசி வரிசையில், கடைசி வீடு விஜயராணியுடையது. மகள் திவ்யதர்ஷினி பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும், துணி அலச வேண்டும், பால் பாட்டில் கழுவ வேண்டும். தண்ணீர் லோரி வரும்போதெல்லாம் விஜயராணி வாளியோடு ஓடினாள். குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு.

பூமிக்கு அடியில் குழாய் உடைந்திருக்கலாம் என்று தோண்டிப் பார்க்கத் தண்ணீர் இலாகா ஆட்கள் வந்தார்கள். கோயில் தலைவர் சபாரத்தினம் அவர்களைத் திருப்பி அனுப்பினார். ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி, பழுத்த படிப்பாளி. "இஞ்ச கை வைச்சா கங்கை கோவிச்சுக்கொண்டு போயிடுவா, தம்பி" என்றார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நாங்களும் தலையாட்டினோம்.

வேறு வழியில்லாமல் விஜயராணியும் ஒரு குடம் கங்கை வாங்கினாள். கொதிக்க வைத்தபோது நீச்சல் குளத்து வாசனை வந்தது. நேராகச் சாமியிடம் போனாள்.

"சாமி, கங்கையில குளோரின் வாசம் அடிக்குதே."

"அது இமயமலை மூலிகைம்மா."

"எங்க வீட்டு பைப்புலயும் அதே மூலிகைதான் வந்துக்கிட்டு இருந்துச்சு. கங்கை வந்ததுலருந்து அது நின்னு போச்சு."

சாமி கண்ணை மூடித் திறந்தார். "உன் வீட்டுல பொறந்த குழந்தைக்கு நேரம் சரியில்ல. அதான் வரிசைக்கே தண்ணி வரல. ஒரு பரிகாரம் இருக்கு."

அங்கேதான் சாமி தப்புக் கணக்குப் போட்டார். பல் முளைக்காத குழந்தையின் மேல் பழி போட்டதும், விஜயராணிக்கு இருந்த கொஞ்ச பயமும் போய்விட்டது. சபாரத்தினத்தின் வீட்டுக்குப் போனாள்.

"ஐயா, சின்னதா ஒரு சோதனை. மேல் வரிசைக்காரங்க எல்லாரும் ஒரே நேரத்துல எல்லா பைப்பையும் தொறக்கட்டும். தோம்புல பிடிச்சு வச்சுக்கட்டும், ஒரு சொட்டு வீணாக வேணாம். கங்கை மாறாம கொட்டினா, கோயில்ல எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்குறேன். கொறைஞ்சா, தோண்ட விடுங்க."

சபாரத்தினம் யோசித்தார். "மேல் வரிசைச் சுரேன் வீட்டுக் குழாயைத் திறந்தா இமயமலையில இருந்து வாறவளுக்கு என்ன வரப்போகுது? செய்து பாருங்கோ."

ஞாயிற்றுக்கிழமை. பசுவின் முன்னால் கூட்டம். விஜயராணி கைப்பேசியை எடுத்து, தாமான் வாட்ஸ்அப் குழுவில் 'தொறங்க' என்று அனுப்பினாள்.

கை தடிமனில் கொட்டிய கங்கை விரல் தடிமனானாள். பிறகு நூலானாள். பிறகு சொட்டினாள்.

"கங்கை கோவமா இருக்கா. சந்தேகப்பட்டவங்க மன்னிப்புக் கேக்கணும்" என்றார் சாமி. கூட்டம் விஜயராணியை முறைத்தது. அவள் 'மூடுங்க' என்று தட்டினாள். கங்கை திரும்பி வந்தாள்.

"பாத்தீங்களா, மன்னிச்சுட்டா."

"நான் இன்னும் மன்னிப்பே கேக்கல சாமி. மூடச் சொன்னேன், அவ்வளவுதான்."

மறுபடி 'தொறங்க'. கங்கை சொட்டினாள். மறுபடி 'மூடுங்க'. இந்தத் தடவை பாதி அளவில் நின்றாள். சாமி முகத்தில் லேசாக ஒரு நம்பிக்கை தெரிந்தது. அப்போது குழுவில் மேல் வரிசை ஜெயாவின் குரல் பதிவு வந்தது: "இருங்கலா, எங்க பாத்ரூம் பைப்ப இன்னும் மூடல." அதை விஜயராணி எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். ஜெயா மூடினார். கங்கை முழுதாக வந்தாள்.

முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. கடைசியில் சிரித்தது சபாரத்தினம். சிரித்து முடித்து, தண்ணீர் இலாகாவுக்கு அவரே போன் போட்டார்.

அன்றே வந்து தோண்டினார்கள். பசுவுக்கு நேர் கீழே, கீழ் வரிசைக்குப் போகும் குழாயில் ஓட்டை. அதில் புத்தம் புது ரப்பர் குழாயைச் சொருகி, பசுவின் வாய்க்குக் கொண்டு போயிருந்தார்கள். கழலாமல் இருக்க நீலக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. எங்கள் வாசல்களில் இன்னும் தொங்குகிற அதே கயிறு. அது தண்ணீரைத் தடுக்கும் என்று சாமி சொன்னது பொய்யில்லை. கடைசி வரிசைக்குப் போகவேண்டிய தண்ணீரைச் சுத்தமாகத் தடுத்திருந்தது.

திரும்பிப் பார்த்தோம். சாமியைக் காணோம். செருப்பு மட்டும் இருந்தது. அவ்வளவு அவசரம்.

சாயந்தரம் விஜயராணி வீட்டுக் குழாய் இருமியது. செம்மண் நிறத்தில் துப்பியது. பிறகு தெளிந்து கொட்டியது. வெந்நீர் வைத்துப் பேத்தியைக் குளிப்பாட்டினாள். குழந்தை தெருவுக்கே கேட்கும்படி அழுதது. அந்த அழுகையைக் கேட்டு எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம், கொஞ்சம் வெட்கமும்கூட.

அந்த நேரம் பார்த்து நியாலாஸ் வேன் வந்து நின்றது. ஓர் அம்மாள் காலிக் குடத்தோடு இறங்கி, விஜயராணி வீட்டு வாசலில் கைகூப்பினார்.

"அக்கா, கங்கை இப்ப உங்க வீட்டுலதான் வர்றாளாமே. ஒரு குடம் கிடைக்குமா?"

விஜயராணி குடத்தை வாங்கி நிரப்பிக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை.

"இது உங்க வீட்டு பைப்புலயும் வர்ற தண்ணிதான்மா. ஒருநாள் வரலன்னா, நடுவுல யாரு பிடிக்கிறாங்கன்னு மொதல்ல பாருங்க. பாத்துட்டு அப்புறமா கும்பிடலாம்."