புதுப் பித்தளைக்காரர்

குறுக்குக் காற்றை வென்றவர். கண் மருத்துவரின் கருத்தை வென்றவர். கார் நிறுத்தும் கொட்டகையில் காரை நிறுத்த வேண்டும் என்ற மனைவியின் வாதத்தை வென்று, இருபது வருஷமாகக் காரைப் பனியில் நிற்க வைத்தவர். முந்நூறு கஜத்துக்கு அப்பால் ஆணியடித்த காகிதத்தில் மூன்று குண்டுகளை ஒரே ஓட்டையில் நுழைத்து, ஓடவும் ஒளியவும் தெரியாத அந்தக் காகிதத்தையும் வென்றவர். இவர்தான் புதுப் பித்தளைக்காரர். அமெரிக்காவின் மொன்டானாவில் ஊருக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள்.

கடையில் தோட்டா வாங்கமாட்டார். "கடைத் தோட்டா கடைக்காரன் துப்பாக்கிக்கு" என்பார். பித்தளைக் கூட்டின் அடியில் பொறி கொடுக்கும் 'கேப்' ஒன்றை அழுத்தி, உள்ளே வெடிமருந்தை அளந்து கொட்டி, வாயில் குண்டைச் செருகித் தானே தோட்டா செய்வார். அதில் குற்றமில்லை. அந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். சுட்ட கூட்டையே பொறுக்கி மறுபடி நிரப்பி, மானும் அடித்து, கறியும் தின்கிறார்கள். நம்மவருக்கு அது ஆகாது. ஒரு தடவைகூட வெடிக்காத, பெட்டி பிரிக்காத, பளபளக்கும் புதுக் கூடுதான் வேண்டும். வந்த கூட்டை ஒவ்வொன்றாக நிறுப்பார், எடைவாரியாகப் பிரிப்பார், வாயின் உள்விளிம்பை வழிப்பார், நெளிவு நிமிர்ப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், மறுபடி நிறுப்பார். மனைவியின் பிறந்தநாள் தெரியுமா? தெரியாது. கூட்டுக் கழுத்தின் தடிமன் தெரியும்.

இந்த இனத்தில் லேலண்ட் ஸ்கோக்ஸ்டாட் முதல்தரம். இவருடைய அக்கா மார்வா, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் மூஸ் மான் வேட்டைக்கான குலுக்கலில் பெயர் போட்டு, வருஷா வருஷம் இல்லை என்ற பதிலை வாங்கி, தலை நரைத்த பிறகு இந்த இலையுதிர் காலத்தில்தான் மார்வாவுக்கு உரிமம் விழுந்தது. ஒரே மூஸ். தவறவிட்டால் இந்த ஆயுளில் இன்னொன்று கிடையாது. "தோட்டாவ என் தம்பி பாத்துக்குவான். அவனை மாதிரி இந்த மாவட்டத்துலயே ஆள் கிடையாது" என்று சர்ச் காப்பி வேளையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, ஆகஸ்டிலேயே தன் துப்பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

செப்டம்பரில் கேட்டார். "மருந்து அளவு புடிபட்டுடுச்சு அக்கா. குண்டு எவ்வளவு ஆழம் உக்காரணும்னு பாக்கணும்."

அக்டோபரில் பனி விழுந்தது. "டேய், மூஸெல்லாம் ஆத்தோரம் இறங்கிடுச்சாம்டா!"

"இறங்கட்டும். ஆழம் சரியாயிடுச்சு. அடியில இருக்கற கேப்ப மாத்திப் பாக்கணும். இன்னும் ஒரே ஒரு மாத்தம்தான்."

நவம்பர் கடைசியில், நன்றி நாள் வான்கோழி விருந்துக்கு முந்தின நாள் லேலண்டிடமிருந்து போன் வந்தது. மார்வா சுடுதிடலுக்கு ஓடினார். லேலண்ட் மூன்று தடவை சுட்டார். காகிதத்தில் ஒரே ஓட்டை! அவருக்குக் கண் கலங்கிவிட்டது. காகிதத்தைப் பிய்த்து, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

மார்வா கையை நீட்டினார். "என் தம்பின்னா தம்பிதான். சரி, தோட்டாவக் குடு."

"எந்தத் தோட்டா?"

"மூஸுக்குடா!"

"அதான் அக்கா, இப்ப சுட்டேனே. கடைசி மூணு."

ஒரு பெட்டிப் புதுக் கூடு முழுவதும், எந்த அளவு சரி என்று கண்டுபிடிப்பதிலேயே வெடித்து முடிந்திருந்தது.

"அந்தச் சுட்ட கூட்டுலயே மருந்தப் போடேன்!"

"என்ன பேசுற? ஒரு தடவை சுட்டா கூடு விரிஞ்சிடும். உள்ள இடம் கூடிடும். அதே மருந்து போட்டா அதே வேகம் வராது. திரும்ப முதல்லேர்ந்து பாக்கணும்."

"அப்ப இத்தனை நாளா நீ கண்டுபுடிச்சது?"

"புதுக் கூட்டுக்கு. ஆர்டர் போட்டிருக்கேன், செவ்வாக்கிழமை வந்துடும்."

"ஞாயித்துக்கிழமை சீசன் முடியுதுடா, பாவி!"

"அவசரப்பட்டா துல்லியம் வராது அக்கா."

ஒவ்வொரு கூடும் ஒரே ஒரு தடவைதான் புதுசு என்பது, கூட்டின் எடையை நாலு தசம இடம் வரை சொல்லக்கூடிய அந்தத் தலைக்கு எட்டவேயில்லை.

மார்வா தன் துப்பாக்கியைப் பிடுங்கி வண்டியில் போட்டார். ஆணி, எலிப்பொறி, பனி அள்ளும் மண்வாரி விற்கும் கடையில் ஒரு பெட்டித் தோட்டா வாங்கினார். ஊர் எல்லையில் நாலு சுட்டுப் பார்த்தார். குண்டுகள் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கின. சனிக்கிழமை காலை ஆற்றோர வில்லோப் புதரிலிருந்து மூஸ் வெளியே வந்து நின்றது. மார்வா குறிபார்த்தார். ஒரே வெடி.

இறைச்சி இழுக்கச் சறுக்குவண்டியோடு வந்த லேலண்ட், குதிரையைவிடப் பெரிதாய்க் கிடந்த அந்த மிருகத்தைச் சுற்றிவந்து, குனிந்து, குண்டு பட்ட இடத்தை விரலால் அளந்தார்.

"ரெண்டு அங்குலம் பின்னால பட்டிருக்கு அக்கா."

"மூஸு அதைக் கவனிக்கலடா. நீ பின்னங்காலைப் புடி."

சிரிக்கிறீர்கள். துப்பாக்கியைத் தொட்டதே இல்லை என்கிறீர்கள். சரி. யாரோ உங்களிடம் நம்பிக் கேட்டு, அவர்களுக்காக நீங்கள் எப்போதோ தொடங்கி, முக்கால்வாசி முடிந்தும் இன்னும் மெருகேற்றிக்கொண்டிருக்கும் காரியம் ஒன்றுமே இல்லையா? அவர் அடிக்கடி நினைவுபடுத்தினாரே, கொஞ்ச நாளாக ஏன் சத்தமே இல்லை?

கடைக்குப் போயிருப்பார்.