பெட்டிக்கு ஆறு, மீதி விதி

வியாழக்கிழமை வந்தால் விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் பஸ்கள் ஊர்ந்துதான் போகும். ரயில்வே கேட் திறந்தே இருக்கும். கூட்டம்தான் வழி விடாது.

மூடிப்போன ஒரு பர்னிச்சர் கடை. அதன் நெற்றியில் இருபதடி பேனர். 'எண்சித்தர் விருத்தகிரி. தலையெழுத்து பழசு, தலை இலக்கம் புதுசு. கம்ப்யூட்டர் முறையில் பார்க்கப்படும்.' கீழே முன்பதிவுக்கு ஒரு செல் நம்பர். கடைசி நான்கு இலக்கமும் ஒன்பது. சித்தர் ஆவதற்கு முன் அவர் வேப்பூர் ஹைவேயில் ரீசார்ஜ் கடை வைத்திருந்தார். நல்ல நம்பரெல்லாம் அவர் கைக்கு வந்தது அப்படித்தான்.

வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். பள்ளிக்கூடத்தில் அதைப் பை என்பார்கள். புள்ளிக்குப் பிறகு அதன் இலக்கங்கள் முடிவில்லாமல் ஓடும். ஓடிய வரிசையே திரும்பத் திரும்பச் சுற்றி வராது. இதுவரை உண்மை. இதற்கு மேல்தான் சித்தர் வாய் திறப்பார்.

"முடிவில்லாத எண்ணுல ஒலகத்துல உள்ள அத்தன பேரு விதியும் இருக்குது. உங்க எடம் எதுன்னு உங்க செல் நம்பரோட கடைசி நாலு இலக்கம் சொல்லும். மனுசன் எண்ணிக்கிட்டே போனா எப்ப போய்ச் சேர்றது? என் கம்ப்யூட்டர் வரிசையில நிக்காது. நேரா அந்த எடத்துக்குப் போயி ஒத்த இலக்கத்த எடுத்தாந்துரும்."

கம்ப்யூட்டர் வரிசையில் நிற்கவில்லை. அதற்கும் சேர்த்து ஜனங்கள் நின்றார்கள்.

"இது ஜோசியம் இல்ல, கணக்கு" என்றும் சொல்லிவிட்டதால் எல்லா மதத்தாருக்கும் வசதியாகப் போயிற்று. கம்மாபுரத்தார் நிலக்கரிச் சுரங்கம் எப்போது தங்கள் நிலத்துக்கு வரும் என்று கேட்டார்கள். குவைத்தில் இருப்பவர்களின் மனைவிமார் விசாவைப் பற்றிக் கேட்டார்கள். ஒன்று வந்தால் பதவி. ஐந்து வந்தால் நல்ல பயணம். நான்கு அலைச்சல், இரண்டு கண்ணீர், ஏழு தனிமை, எட்டு கண்டம். கெட்ட இலக்கம் வந்தவர்கள் பழைய சிம்மைக் கொண்டுவந்து தட்டில் வைக்க வேண்டும். சித்தர் அதை நகவெட்டியால் இரண்டாக நறுக்குவார். புது சிம் வாசலிலேயே கிடைக்கும். குடை நட்டு விற்பவர் சித்தரின் மச்சான். விதிக்கும் அவருக்கும் அதற்கு மேல் உறவில்லை.

போன வியாழக்கிழமை மாரிமுத்துவுக்கு எட்டு வந்திருந்தது.

மாரிமுத்து பீங்கான் கம்பெனியில் சூளைக்குச் சரக்கு ஏற்றுகிறவர். ஆறு மாதமாக இருமல். நுரையீரலில் ஒரு நிழல் தெரிகிறது, உள்ளே சேர்த்துச் சோதிக்க வேண்டும், படுக்கை காலியானதும் போன் செய்வோம் என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். எழுதிக்கொண்ட நம்பர் 5242 என்று முடியும். சித்தர் உடைக்கச் சொன்னதும் அதே நம்பரைத்தான்.

காலையிலேயே சிம்மைக் கழற்றி மஞ்சள் துணியில் முடிந்து சட்டைப் பையில் வைத்திருந்தார் மாரிமுத்து. கூட அவர் மனைவி ராணி.

"இன்னாங்க, ஆஸ்பத்திரிக்காரங்க இந்த நம்பருக்குத்தான கூப்புடுவாங்க?"

"புது நம்பர அப்பறமா போய்ச் சொல்லிக்கலாம்."

"அதுக்குள்ள கூப்புட்டா?"

"கண்டம் இருக்கற நம்பர்ல வர்ற போனு நல்ல போனா இருக்குமா, நீயே சொல்லு."

கையில் டோக்கன் எண்பத்தாறு. ராணிக்குச் சும்மா நிற்கத் தெரியாது.

ராணி அதே கம்பெனியில் பேக்கிங். பீங்கான் பியூஸ் பெட்டிக்கு ஆறு. நாளெல்லாம் ஆறு ஆறாக அடுக்கி, மிஞ்சியதை லேபிளில் மீதி என்று எழுதுவது வேலை. பதினோரு வருடமாக இதைச் செய்கிறவருக்கு எந்த எண்ணைச் சொன்னாலும் இத்தனை பெட்டி, இத்தனை மீதி என்றுதான் காதில் விழும்.

வெளியே வந்த லாரி டிரைவர் ஒருவர் முகம் வெளிறிப்போய் நின்றார். "எட்டும்மா. கண்டமாம்."

"நம்பர் இன்னாங்க?"

"1804."

முந்நூறு பெட்டி, மீதி நாலு. தன் வீட்டுக்காரர் நம்பரும் மீதி நாலுதான். அதற்கும் எட்டு.

ராணி வருகிறவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்க ஆரம்பித்தார். நல்லூர்ப் பெண் ஒருத்தி, 9113, மீதி ஐந்து. அவளுக்கு ஐந்து வந்தது. கம்மாபுரத்துப் பெரியவர், 3608, மீதி இரண்டு. அவருக்கு நான்கு. இருபது பேரிடம் கேட்டு அட்டைத் துண்டில் குறித்துக்கொண்டார். மீதி ஒன்றானால் ஒன்று. இரண்டானால் நான்கு. மூன்றானால் இரண்டு. நான்கானால் எட்டு. ஐந்தானால் ஐந்து. மீதி இல்லாவிட்டால் ஏழு. ஒருவருக்கும் பூஜ்யமோ மூன்றோ ஆறோ ஒன்பதோ வரவே இல்லை.

ராணிக்குப் பின்னால் சம்சாத் பேகம் நின்றுகொண்டிருந்தார். கூட வந்த மகள் சுஹைனா டிப்ளமா படிக்கிறவள், காலையிலிருந்து சலிப்போடு போனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அட்டையை எட்டிப் பார்த்தாள். தேய்ப்பதை நிறுத்தினாள்.

"அக்கா, இத வரிசையா படிங்க."

"ஒன்னு, நாலு, ரெண்டு, எட்டு, அஞ்சு, ஏழு."

சுஹைனா போனில் ஒரு வகுத்தல் போட்டுக் காட்டினாள். 3.142857142857.

"இருபத்திரெண்ட ஏழால வகுத்திருக்காரு. ஸ்கூல்ல வசதிக்காகப் போட்டுக்கன்னு சொல்லிக் குடுப்பாங்களே, அத அப்புடியே நம்பிட்டாரு. நெஜமான பை 3.14159னு போவும். மூணாவது எடத்துலயே தப்பு."

"நேரா போயி எடுத்தாந்துரும்னாரே?"

"அது முடியும்க்கா. பத்து பத்தா எண்ணாம பதினாறு பதினாறா எண்ணுற அடிமானத்துல முன்னாடி இருக்கற எதையும் கண்டுபுடிக்காம நடுவுல ஒரு இலக்கத்த எடுக்க நெஜமாவே சூத்திரம் இருக்குது. ஆனா அதுல யாரோட விசாவும் இருக்காது."

"வாய மூடு சுஹைனா. சித்தரு காதுல விழுந்துரப் போவுது" என்றார் சம்சாத் பேகம்.

உள்ளே ஏசி. மூன்று திரைகளில் பச்சை எண்கள் கொட்டிக்கொண்டிருந்தன. வயர் ஒன்றுக்குத்தான் இருந்தது. வெளியே நிற்பவர்களும் பார்க்கட்டும் என்று பெரிய டிவி ஒன்று வாசலைப் பார்த்து மாட்டியிருந்தது. இந்த ஏற்பாட்டுக்காகச் சித்தர் பின்னால் மிகவும் வருத்தப்பட்டார்.

மாரிமுத்து துணியை அவிழ்த்துச் சிம்மைத் தட்டில் வைத்தார். சித்தர் நகவெட்டியை எடுத்தார்.

"சாமி, ஒரு நிமிசம்" என்றார் ராணி. "எங்க பின்னால நிக்கற சம்சாத்தம்மா நம்பர மொதல்ல பாருங்க. 2679. மீதி மூணு. ரெண்டு வரும்."

"நீ யாரு தாயி சொல்றதுக்கு?"

"பேக்கிங்குங்க."

வாசலில் சிரிப்பு. சித்தர் தட்டினார். டிவியில் 2.

"சில பேருக்கு அருள் இருக்கும்" என்றார் சித்தர்.

"அந்த மூட்டை வச்சிருக்கற அண்ணன், 6030. மீதியே இல்ல. ஏழு."

7.

வாசலிலிருந்து நம்பர்கள் வர ஆரம்பித்தன. ராணி விரலை மடக்கிச் சொன்னார், டிவி பின்னாலேயே சொல்லிற்று. ஏழாவது நம்பருக்குக் கம்ப்யூட்டரை யாரும் பார்க்கவில்லை.

"சாமி, பேனர்ல உங்க நம்பரு 9999. மீதி மூணு. உங்களுக்கு ரெண்டு, கண்ணீரு. உங்க சிம்ம ஏன் இன்னும் ஒடைக்கல?"

சித்தர் தண்ணீர் குடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இது மனுசக் கணக்கு, பத்து. அதான் இப்புடி. தேவ கணக்கு பதினாறு. அதுக்குத் தனி பூசை."

"அடிமானத்த மாத்தலாமா?" என்றாள் சுஹைனா. "அப்ப எட்டுல போடுங்க."

எட்டில் போட்டால் என்ன வரும் என்று சித்தருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அழுத்தியிருக்க மாட்டார். மாரிமுத்துவுக்கு 1. சம்சாத் பேகத்துக்கு 1. மூட்டைக்காரருக்கு 1. சித்தருக்கும் 1. எட்டு எட்டாக எண்ணும் கணக்கில் இருபத்திரண்டை ஏழால் வகுத்தால் 3.1111 என்றேதான் ஓடும், எந்த இடத்தைக் கேட்டாலும் ஒன்று. விருத்தாசலம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் பதவி.

"இப்ப எந்த சிம்மு வாங்கணும்?" என்று யாரோ கேட்டார்கள். குடைக்குக் கீழே மச்சான் இல்லை. குடையும் இல்லை.

ராணி தட்டிலிருந்து சிம்மை எடுத்தார். மாரிமுத்துவின் போனில் போட்டார். சிக்னல் வர நேரமாயிற்று. வந்ததும் இரண்டு தகவல்கள் விழுந்தன. தவறிய அழைப்பு ஒன்பது நாற்பதுக்கு. தவறிய அழைப்பு பத்தரைக்கு. இரண்டும் புதுச்சேரி நம்பர்.

ராணி திரும்ப அழைத்தார். ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள்.

"எத்தினி தடவ கூப்புடுறதும்மா? படுக்கை காலியா இருக்குது. இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டு அடுத்த ஆளுக்குக் குடுத்திருப்போம். நாளைக்குக் காலையில வந்துருங்க."

மாரிமுத்து மஞ்சள் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏழு மணி பஸ்ஸுல போயிடலாமா?" என்று மட்டும் கேட்டார்.

சித்தர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். கூட்டத்தில் பாதி கலைந்தது. மீதிப் பாதி, அடுத்த வியாழக்கிழமை டோக்கன் செல்லுமா என்று சுவரைக் கேட்டுக்கொண்டு நின்றது.

அவர்கள் தலைக்குள்ளும் காலையிலிருந்து புத்தி போன் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. எடுக்காதவர்களின் படுக்கை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.