பொறுப்பு அதிகாரியின் வீடு

"ஏங்க, உங்க குழாய் ஒழுகுதாம்!" என்று போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவி கத்தினாள்.

"நம்ம வீட்டுக் குழாயா?"

"இல்ல, மார்க்கெட் பின்னாடி இருக்கறது. 'பொறுப்பு அதிகாரி வீடா'ன்னு கேக்கறாங்க. அதிகாரி ஆனதை என்கிட்ட சொல்லவே இல்லையே?"

கணவர் நகராட்சிக் குமாஸ்தா. ஊரிலுள்ள பொதுக்குழாய்ப் பட்டியலை எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று இணையத்தில் ஏற்றியவர் அவர்தான். 'பொறுப்பு அதிகாரி' என்ற கட்டத்துக்குத் தன் போன் எண்ணைத் தர எந்த அதிகாரியும் முன்வரவில்லை. காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. தற்காலிகமாக வீட்டு எண்ணைப் போட்டுவைத்தார்.

கல்லூரிப் பிள்ளைகள் அந்தப் பட்டியலை எடுத்து ஒரு செயலி செய்துவிட்டார்கள். அதில் ஒரு குழாயைத் தொட்டால் பொறுப்பு அதிகாரிக்குப் போன் போகும். தப்பு இருந்தால் யாரும் திருத்தலாம்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை கமிஷனர் ஆய்வு. குமாஸ்தா அதிகாரி வேஷம் போட்டது தெரிந்தால் வேலைக்கே உலை.

உடனே வீட்டு எண்ணை எடுத்துவிட்டு இன்ஜினீயரின் எண்ணைப் போட்டார். ஒரு மணி நேரத்தில் யாரோ திருத்திவிட்டார்கள்: 'இவர் எடுப்பதே இல்லை. பழைய எண்தான் சரி.'

பத்துப் பூஜ்யம் போட்டார். மறுபடி வீட்டு எண் வந்து உட்கார்ந்தது.

கடைசியில் பொதுமக்களில் ஒருவர் போல, 'இந்த எண் போலி, நம்பாதீர்கள்' என்று எழுதினார். 'அக்கா ரெண்டாவது மணியிலேயே எடுப்பாங்க. வதந்தி பரப்புறவன் மேல கமிஷனருக்குப் புகார் அனுப்பியாச்சு' என்று பதில் வந்தது.

"நீ எல்லா போனையும் எடுக்கறியா?" என்று மனைவியைக் கேட்டார்.

"அடிச்சா எடுக்காம? எந்தச் சந்து, எங்க ஒழுகுதுன்னு கேட்டு எழுதிக்குவேன். உங்க ஆபீஸ் ஃபிட்டரைக் கூப்பிட்டுச் சொல்லுவேன். தண்ணி வீணாப் போகுதுல்ல?"

"அடிப்பாவி, என் வேலை போகுதே!"

வெள்ளிக்கிழமை கமிஷனர் செயலியைத் திறந்து வைத்திருந்தார். "ஒரே மாசத்துல அறுபத்தோரு குழாய் சரியாயிருக்கு. எல்லாம் இந்த ஒரு நம்பர் வழியா. யாருது?"

குமாஸ்தா சுற்றிலும் பார்த்தார். பழியைப் போட இன்ஜினீயர் பக்கத்திலேயே இருந்தார். ஆனால் அறுபத்தொன்று என்று கேட்டதும் குமாஸ்தாவின் நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

"என் வீட்டு நம்பருங்கய்யா. போட்டது என் தப்பு. எடுத்துப் பேசினது என் மனைவி."

கமிஷனர் சிரித்தார். "தப்பு இருக்கட்டும். அவங்களை நான் பார்க்கணும். நம்ம மக்களையும் பாராட்டணும்யா. நம்பரை எத்தனை தடவை மாத்தினாலும் விடாம திருப்பிப் போட்டிருக்காங்களே!"

வாசலில் நின்ற ஃபிட்டர் தலையைச் சொறிந்தார்.

"அது மக்கள் இல்லீங்கய்யா, நாங்கதான். ஆபீஸ்ல சொன்னா ஊரெல்லாம் தேடணும். அக்கா சொன்னா எந்த ஸ்பானர் எடுத்துட்டுப் போகணும்னு கூடத் தெரிஞ்சிடும்."